வெயிலில் ஓடிய மரதன்

(எமது சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



இவ்விழாவிலே பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் எம்மைக் கேட்டபொழுது, கல்வி, ஒழுக்கம், மொழி என்னும் பொருள்களுள் ஒன்றையே அவர் எதிர்பார்த்திருப்பார். அவற்றைப் பற்றிப் பேசுதற்குத் தகுதி வாய்ந்த பெரியோர் இம்மேடையிலே பலர் வீற்றிருக்கின்றனர். பல்கலைக்கழகத்திலே இன்னும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் எமக்கு அத்தகுதி குறைவு. ஆதலால் நாம் நூலிற் படியாது கால்களாற் கற்ற பாடமொன்றையே சொல்ல விரும்புகின்றோம். கடந்த சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவிலே எமதூரில் நடைபெற்ற மரதன் ஓட்டமே எமது பொருள்.

மரதன் என்று நாம் சொன்னாலும், அன்று ஓடிய தூரம் பன்னிரண்டு கிலோமீற்றரே. முழு மரதன் என்பது 42.195 கிலோமீற்றர். 1908 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிலே ஓடப்பெற்ற அத்தூரமே 1921 இல் நிலையான தூரமாக ஏற்கப்பட்டது. ஆனால் எமது ஊர்களிலே வீதியில் ஓடும் நெடுந்தூர ஓட்டம் எதுவாயினும் அதற்கு மரதன் என்றே பெயர். பெயர் பெரிதாயிருக்கத் தூரம் சிறிதாயிருந்தமையே எமக்கு அன்று வந்த முதல் மயக்கம். பன்னிரண்டு கிலோமீற்றர் என்ன பெரிய தூரமா என்று எண்ணினோம்.

விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நாம் நால்வர் அவ்வோட்டத்திற் பெயர் கொடுத்தோம். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் என்று துண்டுப்பிரசுரம் கூறியது. கொடியசைத்துத் தொடக்கி வைக்க வேண்டிய விருந்தினர் வந்து சேர எட்டரை மணியாயிற்று. நாம் இங்கே அவரைக் குறை கூற வரவில்லை. விழாக் குழுவிலே எம்முள்ளும் இருவர் இருந்தனர். விருந்தினர் வரட்டும் என்று தலையசைத்தவர்களுள் நாமும் அடக்கம். அந்த இரண்டரை மணி நேரமும் வெட்டவெளியிலே நின்று, கைகால்களை உதறிக்கொண்டு, நகைச்சுவை பேசிக்கொண்டிருந்தோம். ஓட்டம் தொடங்கும் முன்னரே எமது சட்டைகள் நனைந்துவிட்டன.

அன்றைய வெயிலைப் பற்றி இவ்வூரவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஏப்பிரில் 5 ஆந் திகதி தொடங்கி 15 ஆந் திகதி வரையிலே சூரியன் இலங்கையின் தெற்கிலிருந்து வடக்காக ஒவ்வொரு பகுதிக்கும் நேர் உச்சியாக வருகின்றான். வடகோடியிலுள்ள எமக்கு அவன் உச்சியில் வருவது புத்தாண்டை ஒட்டியே. வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது, சோளகம் பிறக்க இன்னும் நாளிருந்தது. பனையோலை ஒன்றுதானும் அசையவில்லை. முந்தைய ஆண்டுகளிலே இல்லாத புழுக்கம் என்று முதியோர் சொல்லிக்கொண்டனர். நாம் அதைக் கேட்டோம். ஆனால் செவியில் ஏற்றுக்கொள்ளவில்லை.

முதல் நான்கு கிலோமீற்றர் வேலிகளின் நிழலிலே சென்றது. அதன்பின் வழி தரவைக்குள் இறங்கியது. இருபுறமும் உவர் நிலம். இடையிடையே சில வடலிகள். நடுவே கறுத்துக் கிடக்கும் தார் வீதி. மேலிருந்து வெயிலும் கீழிருந்து தாரின் வெக்கையும் எம்மை நடுவில் வைத்து வாட்டின. ஆறாவது கிலோமீற்றர் அளவிலே, எமக்கு முன்னே ஓடிய தம்பி ஒருவர், பாடசாலை மாணவர், வீதியை விட்டு விலகி ஒரு வீட்டுப் படலையடியிலே போய்க் குந்திவிட்டார். அவ்வீட்டு ஆச்சி மூக்குப்பேணியிலே மோர் கொண்டு வந்து கொடுத்தார். அதைக் கண்டு நாம் சிரித்தோம். “என்ன தம்பி, விருந்துக்கோ வந்தனீர்?” என்று எம்முள் ஒருவர் கேட்டும் விட்டார். ஆச்சி எமக்கும் வேண்டுமா என்று பேணியை உயர்த்திக் காட்டினார். நாம் கையசைத்து மறுத்து ஓடினோம்.

அவ்வாறு மறுத்ததற்கு எமக்கொரு காரணம் இருந்தது. நாம் கற்ற மிஷன் பாடசாலையிலே விளையாட்டுப் பழக்கிய முதியவர் ஒருவர், ஓட்டத்தின் நடுவே தண்ணீரைத் தேடுபவன் தோல்வியைத் தேடுபவன் என்று சொல்வது வழக்கம். அன்புள்ளவர், எம்மிடம் நன்மையே நாடியவர். தாம் இளமையிற் கேட்டதையே எமக்குச் சொன்னார். உலகத்திலே பல பெரிய ஓட்டக்காரரும் நெடுங்காலம் அவ்வாறே நம்பியிருந்தனர்.

அதே பாடசாலையின் ஆங்கில வகுப்பிலேதான் மரதனின் பழங்கதையையும் கேட்டோம். மரதன் போர்க்களத்திலிருந்து வெற்றிச் செய்தியைச் சுமந்துகொண்டு ஏதென்ஸ் நகர் வரை ஓடிய வீரன் செய்தியைச் சொன்னவுடனே விழுந்து இறந்தான் என்பது கதை. றொபேட் பிறவுணிங் என்னும் ஆங்கிலக் கவிஞர் 1879 இல் இதனைப் பாடி உலகெங்கும் பரப்பினார். ஆனால் அப்போரைப் பற்றி எழுதிய பழைய வரலாற்றாசிரியரான ஹெரோடோட்டஸ் இம்மரணத்தைக் கூறவில்லை. ஸ்பாட்டா நகருக்கு உதவி கேட்டு ஓடிய தூதனையே அவர் கூறுகின்றார். ஓடி முடித்து இறந்த கதை பல நூற்றாண்டுகள் கழித்தே எழுத்தில் வருகின்றது. எனினும் 1896 இல் ஏதென்ஸ் நகரிலே புதிய ஒலிம்பிக் தொடங்கியபோது மரதன் ஓட்டம் அந்தக் கதையின் பெயராலேயே அமைந்தது. ஆகவே இவ்வோட்டத்தின் கருவிலேயே, இறுதியில் இறப்பவனே வீரன் என்ற எண்ணம் புகுந்துவிட்டது. வகுப்பிலே அதைக் கேட்டு மெய்சிலிர்த்தவர்கள் நாம். தரவையிலே எமக்கு மெய்சிலிர்த்தது வேறு காரணத்தால்.

ஆம், அந்த வெயிலிலே எமக்குக் குளிர்வது போலிருந்தது. கைகளிலே மயிர்க்கூச்செறிந்தது. அஃது உடல் தரும் எச்சரிக்கை என்பதைப் பின்னரே அறிந்தோம். ஒன்பதாவது கிலோமீற்றரைத் தாண்டியதும் எம்முள் மிக நன்றாக ஓடக்கூடியவர் வீதியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சாய்ந்து சாய்ந்து ஓடினார். பெயர் சொல்லி அழைத்தோம், திரும்பிப் பார்க்கவில்லை. கையைப் பிடித்தோம், உதறினார். ஒருநாளும் கடுஞ்சொல் பேசியறியாதவர், எம்மை வாயில் வந்தபடி ஏசினார். “விடுங்கோ, இன்னும் கொஞ்சத் தூரந்தானே” என்றார், அச்சொல்லும் குழறியது. பின் முழங்கால் மடிய விழுந்தார். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. வியர்வை மட்டும் நிற்காமல் வழிந்துகொண்டேயிருந்தது. வியர்க்கின்றது, ஆகவே ஆபத்தில்லை என்று எம்முள் ஒருவர் சொன்னார். அதுவும் பிழையென்று பின்னர் வைத்தியர் கூறினார். ஓடுபவனுக்கு வரும் வெப்பத்தாக்கத்திலே வியர்வை வழிந்துகொண்டிருக்கவே உயிர் போகவும் கூடும்.

நாம் செய்வதறியாது நின்றபோது பின்னாலிருந்து சைக்கிளிலே வந்து இறங்கியவர், மோர் குடித்தவரென்று நாம் நகைத்த அந்தத் தம்பியே. நன்றாக இளைப்பாறியபின், அவ்வீட்டுச் சைக்கிளை இரந்து பெற்று ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். அருகிலிருந்த தோட்டக் காணியைக் காட்டியவர் அவரே. நாம் நண்பரைத் தூக்கிச் சென்றோம். ஏதேனும் வண்டியில் ஏற்றி ஆசுப்பத்திரிக்கு விரைவதே முதல் வேலை என்று நாம் ஆரவாரஞ் செய்தபோது, தோட்டத்திலே புகையிலைக்கு நீர் இறைத்துக்கொண்டிருந்த பெரியவர் அதட்டினார். “வண்டி வரட்டும் பிள்ளையள், அதுக்குள்ள பொடியனைக் கிடங்குத் தண்ணிக்குள்ள கிடத்துங்கோ. சூட்டை இறக்காமல் எங்க கொண்டு போறியள்?” என்றார். கிணற்றடித் தொட்டியிலே கழுத்தளவாகக் கிடத்தித் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டோம். தம்பி வாளி வாளியாகக் குளிர்ந்த நீரை அள்ளி ஊற்றினார். கால் மணி நேரத்தின் பின் நண்பர் கண்ணை விழித்து, “ஏன் எல்லாரும் அழுகிறியள்?” என்று கேட்டார். அதுவரை நாம் அழுவதை நாமே அறியோம்.

ஆசுப்பத்திரியிலே வைத்தியர் சொன்னது இதுவே. உடலின் உள்வெப்பம் 40 பாகைக்கு மேற்சென்று அறிவும் தடுமாறுமாயின், முதலிற் குளிர்விக்க வேண்டும், அதன் பின்னரே கொண்டு செல்ல வேண்டும். முதல் அரை மணி நேரமே உயிரைத் தீர்மானிக்கின்றது. தோட்டத்துப் பெரியவர் எந்த வைத்திய நூலையும் படித்தவரல்லர். அவர் சொன்னதும் வைத்திய நூல் சொல்வதும் ஒன்றாயிருந்தன.

சபையோரே, மனவலிமை இருந்தால் வெயிலை வென்றுவிடலாம் என்று இளைஞராகிய நாம் எண்ணுகின்றோம். உடலின் கணக்கு அவ்வாறில்லை. ஓடுபவன் செலவிடும் சக்தியிலே ஏறக்குறைய நாலிலொரு பங்கே ஓட்டமாகின்றது. எஞ்சிய முக்காற் பங்கும் வெப்பமாகின்றது. அவ்வெப்பத்தை வெளியேற்றுதற்கு உடலுக்குள்ள முதன்மையான வழி வியர்வை. மண்பானைத் தண்ணீர் எவ்வாறு குளிர்கின்றது? பானையின் புறத்தே கசியும் நீர் காற்றில் உலர்வதால் அன்றோ! வியர்வையும் அவ்வாறே. அது உலர்ந்தாற்றான் குளிர்ச்சி. வடிந்து நிலத்தில் விழுந்தாற் பயனில்லை. கடலும் களப்பும் சூழ்ந்த எமது நிலத்திலே, காற்றும் அசையாத நாளிலே, வியர்வை உலர்வதில்லை. இரத்தமோ தோலுக்கும் போக வேண்டும், தசைக்கும் போக வேண்டும். உடலில் நீர் குறையக் குறைய இதயம் இரண்டிற்கும் ஈடுகொடுக்க மாட்டாது திணறுகின்றது. இந்த நிலையிலே மனவலிமை செய்வது ஒன்றே. நிற்கச் சொல்லும் உடலின் குரலை அஃது அமுக்கிவிடுகின்றது. எம்முள் மனவலிமை மிக்கவர் எவரோ அவரே அன்று விழுந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இப்பாடத்தை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. 1904 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே சென் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மரதனைப் பிற்பகல் வெயிலிலே, 32 பாகையளவு வெப்பத்திலே, புழுதி வீதியில் ஓட்டினர். வழியிலே தண்ணீர் கிடைத்த இடங்கள் ஒன்றிரண்டே. நீரின்றி ஓடினால் உடலுக்கு என்ன நேருமென்று பார்க்க ஒழுங்கு செய்தவரே விரும்பினர் என்பர். 32 பேர் ஓடத் தொடங்கினர்; 14 பேரே முடித்தனர். வென்ற தொமஸ் ஹிக்ஸ் தண்ணீர் கேட்டபோது அவருடைய துணைவர் வாயை நனைத்துவிட்டு, முட்டை வெண்கருவிலே ஸ்ரிக்னைன் என்னும் நஞ்சைச் சிறிதளவு கலந்து ஊக்க மருந்தாகக் கொடுத்தனர். அவர் உயிர் பிழைத்தமையே பெரும்பேறு.

எட்டாண்டு கழித்து, 1912 ஆம் ஆண்டு ஜூலை 14 ஆந் திகதி, சுவீடன் நாட்டின் ஸ்ரொக்ஹோம் நகரிலே கடும் வெயிலில் ஒலிம்பிக் மரதன் நடந்தது. அதில் ஓடிய இருவரைப் பற்றியே சிறிது விரித்துச் சொல்ல விரும்புகின்றோம்.

ஒருவர் போர்த்துக்கல் நாட்டின் பிரான்சிஸ்கோ லாசறோ. தச்சுத் தொழிலாளி, தம் நாட்டுக் கொடியை ஏந்தி விழாவிலே நடந்த பெருமைக்குரியவர். வெயில் சுடாதிருக்க உடலிலே மெழுகைப் பூசிக்கொண்டு ஓடினார் என்பர். அது வியர்வையின் வழியையே அடைத்துவிட்டது. ஏறக்குறைய 30 ஆவது கிலோமீற்றரிலே விழுந்தவர் மறுநாட் காலை உயிர்நீத்தார். புதிய ஒலிம்பிக் போட்டியொன்றிலே ஓடி உயிரிழந்த முதல்வர் அவரே.

மற்றவர் ஜப்பானியரான ஷிசோ கனகுரி. ஜப்பான் முதன்முதலாகக் கலந்துகொண்ட அவ்வொலிம்பிக்கிற்கு அந்நாடு அனுப்பிய வீரர் இருவரே. ஒரு நாட்டின் மானம் முழுவதும் தம் தோளில் இருப்பதாக அவர் எண்ணியிருப்பார். அவரும் வெயிலாற் களைத்தார். வழியோரத்து வீடொன்றின் தோட்டத்திலே இருந்தவர்கள் அவருக்குக் குடிப்பதற்குக் கொடுத்து இளைப்பாறச் செய்தனர். அவர் ஓட்டத்தை அவ்வளவில் நிறுத்திவிட்டார். வெட்கத்தினால் எவருக்கும் முறைப்படி அறிவியாமலே நாடு திரும்பினார்.

நின்றுவிட்ட அவர் பின்னர் என்ன செய்தார்? மேலும் இரண்டு ஒலிம்பிக் மரதன்களில் ஓடினார். தோக்கியோவிலிருந்து ஹக்கோனே சென்று மீளும் பல்கலைக்கழக மாணவரின் நெடுந்தூர அஞ்சலோட்டம் 1920 இல் உருவாக உழைத்தார். ஜப்பானிய மரதனின் தந்தை என்று அந்நாட்டவர் அவரைப் போற்றுகின்றனர். 1967 இல் ஸ்ரொக்ஹோம் நகரத்தார் அவரை அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கச் செய்தனர். 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 வினாடி என்று அவருடைய ஓட்ட நேரம் அறிவிக்கப்பட்டது. சபை சிரிக்கின்றது, அன்று அங்கே கூடியவரும் சிரித்திருப்பர். ஆனால் அச்சிரிப்பிலே ஏளனம் இருந்திராது. தொண்ணூற்றிரண்டு ஆண்டு வாழ்ந்து 1983 இல் அவர் மறைந்தார். ஒரே வீதி, ஒரே வெயில். ஒருவரை மெழுகுப்பூச்சு மாய்த்தது. மற்றவரை முன்பின் அறியாதவர் கொடுத்த ஒரு குவளைப் பானம் காத்தது.

1976 ஆம் ஆண்டு ஏப்பிரிலிலே பொஸ்ரன் நகர மரதன் 35 பாகையளவு வெப்பத்தில் நடந்தபோது, வழியிலுள்ள வீட்டுக்காரர் தத்தம் தோட்டத்துக் குழாய்களை வீதிக்கு இழுத்து வந்து ஓடுவோர் மீது நீர் தெளித்தனர். அவ்வோட்டத்தை இன்றும் அக்குழாய்களின் பெயராலேயே நினைவுகூருகின்றனர். 2019 இல் டோகா நகரிலே வெயிலுக்கு அஞ்சி மகளிர் மரதனை நள்ளிரவிலே தொடங்கினர். இரவிலும் வெப்பமும் ஈரப்பதனும் விடவில்லை. உலகத்தின் தலைசிறந்த 68 பேர் ஓடத் தொடங்கி 40 பேரே முடித்தனர். இடையில் நின்ற 28 பேரையும் கோழைகள் என்று எவர் சொல்வார்?

தூரதேசத்துச் செய்திகள் போதும். 2024 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே எமது நாட்டின் கிழக்குப் பகுதியிலே பாடசாலை மரதனில் ஓடிய மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அச்செய்தியை நாம் பத்திரிகையிலே வாசித்து, ஐயோ என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டியவர்களே. இவ்வாண்டு எமது நண்பரைத் தொட்டியிலே கிடத்தியபோதுதான் அந்தத் தாயின் துயர் எமக்கு விளங்கிற்று.

எமது முன்னோர் வெயிலை அறிந்தவர்கள். வழிநெடுகச் சுமைதாங்கியும், மடமும், கேணியும், மாடுகளுக்கு ஆவுரஞ்சிக்கல்லும் அமைத்தவர்கள். கோயில் திருவிழாக் காலத்திலே தண்ணீர்ப்பந்தல் வைத்து மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வார்ப்பது இன்றும் எமது ஊர்களிலே உண்டு. பந்தலிலே நிற்பவர், நீ யார், எவ்வளவு தூரம் நடந்தாய், இன்னும் நடக்க மாட்டாயா என்று கேட்பதில்லை. தாகம் என்றால் வார்க்கின்றார். அதனை நாம் தர்மம் என்கின்றோம். கோயில் வீதியிலே தர்மமாயிருப்பது விளையாட்டு வீதியிலே மட்டும் பலவீனமாவது எங்ஙனம்? அன்று படலையடியிலே பேணியை உயர்த்திக் காட்டிய ஆச்சி ஒருவரே எமது ஓட்டத்திற்கு இருந்த தண்ணீர்ப்பந்தல். அதையும் நாம் மறுத்து ஓடினோம்.

ஆகையால் சங்கத்தாரிடம் சில விண்ணப்பங்கள். அடுத்த சித்திரையிலே ஓட்டம் சூரியன் உதிக்கும் முன் தொடங்குக. விருந்தினர் தொடக்கத்திற்கு வராது முடிவிற்கு வந்து பரிசளிக்குக. அவருக்கும் அது வசதி. இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு தண்ணீர்ப்பந்தல் சங்கத்துப் பெயராலேயே அமைக்குக. தண்ணீரையும் அளவின்றிக் குடித்தல் தீது. உடலின் உப்பு நீர்த்துப்போய் அதனாலும் மயக்கம் வரும். ஆதலால் தாகத்திற்கு ஏற்பக் குடிக்குமாறும், உப்பிட்ட மோரோ தேசிக்காய்த் தண்ணீரோ வைக்குமாறும் வேண்டுகின்றோம். முடிவிடத்திலே தொட்டி நிறைய நீரும் பனிக்கட்டியும் இருக்கட்டும். தடுமாறுபவரைக் கையைப் பிடித்து நிறுத்தும் அதிகாரம் ஒருவருக்கு இருக்கட்டும். ஓடுபவர் ஏசினாலும் அவர் விடலாகாது. ஓடவிருப்போர் இரு கிழமைக்கு முன்னிருந்தே சிறிது சிறிதாக வெயிலிற் பழகட்டும்; உடல் அப்பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். காலையிலே புழுக்கம் மிகுமாயின் ஓட்டத்தை ஒத்திவைப்பதற்குச் செயற்குழு வெட்கப்படலாகாது.

இவை யாவும் செய்யத்தக்கவை, பெருஞ்செலவும் இல்லை. ஆனால் செயற்குழுவால் இயற்ற முடியாத ஒன்றும் உண்டு. அது எம் போன்ற இளைஞரின் நெஞ்சிலே நிகழ வேண்டியது. இடையிலே நின்றவனைப் பார்த்துச் சிரியாதிருக்க நாம் கற்க வேண்டும். அன்று அந்தத் தம்பி எமது நகைப்பிற்கு அஞ்சி எழுந்து ஓடியிருந்தால், ஒன்பதாவது கிலோமீற்றரிலே விழுந்தவர் இருவராயிருப்பர். தண்ணீர் அள்ள ஒருவரும் இருந்திரார்.

எமது நண்பர் ஐந்து நாளில் வீடு திரும்பினார். இப்பொழுது இச்சபையிலே, பின்வரிசையிலே, நாம் தம் பெயரைச் சொல்லிவிடுவோமோ என்று அஞ்சிக்கொண்டு அமர்ந்திருக்கின்றார். சொல்ல மாட்டோம். அவருக்கு அருகே அந்தத் தம்பியும் இருக்கின்றார். அன்று பரிசு பெற்றோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அன்று சிரித்ததற்காக, இச்சபையின் முன்னிலையிலே அவரிடம் மன்னிப்புக் கேட்டு, எமது பேச்சை முடித்துக்கொள்கின்றோம்.